பந்தைக் கை மாற்றுவது தோல்வியா? பேஸ்பால் நூறு வருஷமா கத்துக்கிட்ட பாடம் (நீண்ட இழை)

1/
2025 இங்கிலாந்து டூர் ஞாபகம் இருக்கா? ஐந்து டெஸ்டில் பும்ரா மூன்றில்தான் ஆடுவார் என்று தொடர் தொடங்கும் முன்பே சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான். டீக்கடையில் இருந்து வாட்ஸ்அப் குரூப் வரை ஒரே கிண்டல். "கபில்தேவ் காலத்துல ஏதுங்க ஒர்க்லோடு?" மறுபக்கம் சிராஜ் ஐந்து டெஸ்டிலும் ஆடி, 185.3 ஓவர் வீசி, 23 விக்கெட் எடுத்து, ஆகஸ்ட் 4 அன்று ஓவல் மைதானத்தில் 6 ரன் வித்தியாசத்தில் ஜெயிக்க வைத்தார். கிண்டல் இரண்டு மடங்காச்சு.

2/
பந்து வீசுகிறவரை எப்போது நிறுத்துவது? யார் நிறுத்துவது? அவருக்குப் பதிலாக வருகிறவருக்கு என்ன மரியாதை? இந்த மூன்று கேள்வியையும் நூறு வருஷத்துக்கு மேல் போட்டு உடைத்த விளையாட்டு ஒன்று இருக்கு. நாம அதிகம் பார்க்காத பேஸ்பால். அந்தக் கதையைச் சொல்லிவிட்டு, கடைசியில் நம்ம கடலூர், சிதம்பரம் பக்கத்துப் பசங்களின் தோளுக்கும் முதுகுக்கும் வரேன். கொஞ்சம் நீளம்தான். பொறுமையா படிங்க.

3/
முதலில் ஒரு நிமிஷப் பாடம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி படிச்சவங்க இதைத் தாண்டிப் போகலாம்.

நம்ம பவுலர் மாதிரி அங்கே பிட்சர். ஓடி வர மாட்டார். சின்ன மண்மேட்டில் நின்ற இடத்திலிருந்து, முழங்கையை மடக்கி எறிவார். பந்து தரையில் படக்கூடாது. தூரம் 60 அடி 6 அங்குலம். நம்ம கிரிக்கெட் பிட்ச் 66 அடி. ஆட்டம் 9 இன்னிங்ஸ். ஒவ்வொரு இன்னிங்ஸிலும் இரண்டு அணியும் மூன்று பேர் அவுட் ஆகும்வரை பேட் செய்யும்.

4/
கிரிக்கெட்டுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இரண்டு.

ஒன்று, ஓவர் என்பதே கிடையாது. எதிர் முனையிலிருந்து வீச இன்னொருத்தர் கிடையாது. ஒரே பிட்சர் தொடர்ந்து வீசிக்கொண்டே இருக்கலாம். 27 அவுட்டையும் அவரே எடுக்கலாம்.

இரண்டு, கேப்டன் பும்ராவை 5 ஓவரோடு நிறுத்திவிட்டு சாயங்காலம் திரும்பக் கூப்பிடலாம். பேஸ்பாலில் ஆட்டத்தை விட்டு வெளியே அனுப்பப்பட்டவர் அன்றைக்குத் திரும்ப வரவே முடியாது. அதனால் ஒவ்வொரு மாற்றமும் ஒரு வழிப் பாதை. எடுத்தால் எடுத்ததுதான்.

5/
ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் 'ஸ்டார்ட்டர்'. பாதியில் வந்து பந்தை வாங்கிக்கொள்பவர் 'ரிலீவர்'. இன்றைக்கு ஒரு அணியில் பொதுவாக ஐந்து ஸ்டார்ட்டர்கள். ஐந்து ஆறு நாளைக்கு ஒருமுறைதான் ஒருவருக்கு முறை வரும். அன்றைக்கு அவர் சுமார் 90 பந்து எறிவார், ஐந்து ஆறு இன்னிங்ஸ் தாங்குவார். அதற்குப் பிறகு, மைதானத்து ஓரத்தில் 'புல்பென்' எனும் தனி இடத்தில் காத்திருக்கும் ஏழெட்டு ரிலீவர்களில் ஒருவர் வருவார். பிறகு இன்னொருவர். கடைசி இன்னிங்ஸுக்கு என்றே ஒருவர், 'குளோசர்'.

இந்த ஏற்பாடு ஒரே நாளில் வரவில்லை. பல தோள்பட்டைகளைத் தின்றுவிட்டு வந்தது.

6/
1884. ப்ராவிடன்ஸ் என்ற ஊர் அணி. அப்போதைய விதிப்படி காயம் பட்டாலொழிய வெளியிலிருந்து புது ஆள் உள்ளே வர முடியாது. களத்தில் நிற்பவர்கள் வேண்டுமானால் தங்களுக்குள் இடம் மாறிக்கொள்ளலாம். சீசன் நடுவில் அணியின் இன்னொரு முக்கிய பிட்சர் சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டார். மிச்சம் இருந்தவர் சார்லஸ் ராட்போர்ன். "மீதி ஆட்டத்தை நானே பார்த்துக்கறேன்" என்று ஏற்றுக்கொண்டார்.

7/
அந்த ஒரே சீசனில் ராட்போர்ன் வீசியது 678 இன்னிங்ஸ். 73 ஆட்டங்களைத் தொடங்கி, 73ஐயும் அவரே முடித்தார். இன்றைக்கு ஒருவர் ஒரு சீசனில் 200 இன்னிங்ஸ் வீசினாலே பெரிய சாதனை.

அணி கோப்பையை வென்றது. ஆனால் காலையில் எழுந்தால் தலை வாரக்கூட அவரால் கையைத் தூக்க முடியவில்லை என்று சொல்வார்கள். இன்றுவரை இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் முதல் பாதியை வீரக்கதையாகவும் இரண்டாம் பாதியை வேடிக்கையாகவும் சொல்கிறார்கள். மருத்துவரா எனக்கு இரண்டாம் பாதிதான் காதில் விழுது.

8/
1891க்குப் பிறகு விதி மாறியது. எப்போது வேண்டுமானாலும் புது ஆளை இறக்கலாம். சரி, உடனே எல்லாரும் மாற்ற ஆரம்பிச்சிருப்பாங்க என்றுதானே நினைக்கிறீங்க? இல்லை. விதி மாறியது, மனசு மாறலை. தொடங்கியவனே முடிக்கணும், அதுதான் ஆம்பளைத்தனம். பாதியில் பந்தைக் கொடுத்தால் அவமானம்.

9/
1904. நியூயார்க் அணியின் ஜாக் செஸ்ப்ரோ. பின்னாளில் யாங்கீஸ் என்று பெயர் மாறிய அதே அணி. அந்த வருஷம் 51 ஆட்டங்களைத் தொடங்கி 48ஐ அவரே முடித்தார். 41 வெற்றி. நவீன பேஸ்பாலில் அந்த எண்ணிக்கையை யாரும் தாண்டவில்லை.

சீசனின் கடைசியில் கோப்பைக்குப் போட்டி பாஸ்டன் அணியோடு. அக்டோபர் 7 அன்று முழு ஆட்டம் வீசினார். மறுநாள் 8ஆம் தேதி மறுபடியும் அவரே. 10ஆம் தேதி முடிவு தெரியும் நாள். மறுபடியும் அவரே.

10/
ஸ்கோர் 2-2. ஒன்பதாவது இன்னிங்ஸ். பாஸ்டன் ஆள் ஒருவர் மூன்றாவது பேஸில் நிற்கிறார். இரண்டு பேர் அவுட். இன்னும் ஒரே ஒரு அவுட் போதும். செஸ்ப்ரோ எறிந்த பந்து கேட்சரின் தலைக்கு மேல் பறந்துபோனது. மூன்றாவது பேஸில் இருந்தவர் ஓடி வந்து ரன் எடுத்தார். கோப்பை பாஸ்டனுக்கு.

41 ஆட்டங்களை ஜெயித்துக் கொடுத்தவரை அந்த ஒரு பந்துக்காக ஊர் ஆயுசு முழுக்கப் பேசியது. நான்கு நாளில் மூன்று தடவை அவர் கையில் பந்தைக் கொடுத்தவர்களை யாரும் பேசவில்லை.

11/
இங்கே ஒரு நிமிஷம் நிறுத்தி, உடம்புக்குள் என்ன நடக்குதுன்னு பார்ப்போம்.

பிட்சர் எறியும்போது தோள்மூட்டு உள்நோக்கிச் சுழலும் வேகம் நொடிக்கு சுமார் 7,000 டிகிரி. மனித உடம்பில் அளக்கப்பட்ட அசைவுகளிலேயே மிக வேகமானவற்றில் ஒன்று இது. அந்த நேரத்தில் முழங்கையின் உள்பக்கத்தைப் பிளக்கப் பார்க்கும் முறுக்குவிசை மிக அதிகம். அங்கே அதைத் தாங்கி நிற்பது ஒரு சின்ன ஜவ்வு. சோதனைக்கூடத்தில் அந்த ஜவ்வை மட்டும் தனியாக இழுத்துப் பார்த்தால், அந்த விசையில் பாதிக்கே அறுந்துவிடுகிறது.

12/
அப்போ ஒவ்வொரு பந்துக்கும் ஏன் அறுந்து போகலை? முன்கைத் தசைகள் பாதிச் சுமையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. தசைதான் ஜவ்வுக்குக் காவல்.

தசை களைத்தால்? காவல் தூங்கிப் போச்சு. முழுச் சுமையும் ஜவ்வு மேல. வலி இல்லாமலே கொஞ்சம் கொஞ்சமாக நைந்துகொண்டு வரும். ஒரு நாள் சாதாரணமான ஒரு பந்தில் 'டப்'. அந்த ஒரு பந்தால் அறுந்ததுன்னு எல்லாரும் நினைப்போம். உண்மையில் களைத்த பிறகும் எறிந்த நூற்றுக்கணக்கான பந்துகளின் கணக்கு அது.

13/
செஸ்ப்ரோ தோற்ற நாளிலிருந்து சரியாக 20 வருஷம். 1924 அக்டோபர் 10. வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது, கடைசி ஆட்டம். வாஷிங்டன் அணிக்கும் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்கும். வாஷிங்டன் மேனேஜர் பக்கி ஹாரிஸுக்கு வயது 27. அவரே அணியில் ஆடவும் செய்தார்.

ஹாரிஸ் ஒரு தந்திரம் பண்ணார். வலது கைப் பிட்சர் ஆக்டனைத் தொடங்க வைத்தார். அதை நம்பி எதிரணி இடது கை பேட்டர்களை வரிசையில் வைத்தது. ஆக்டன் இரண்டே பேருக்கு வீசினார். உடனே அவரை எடுத்துவிட்டு இடது கைப் பிட்சர் மோக்ரிட்ஜை இறக்கினார்.

14/
பிறகு மூன்றாவதாக வந்தவர் ஃபிர்போ மார்பெரி. அந்தக் காலத்தில் ரிலீவர் வேலையையே முக்கிய வேலையாகச் செய்த அபூர்வமான பிட்சர். அவருக்குப் பின், ஒன்பதாவது இன்னிங்ஸில், வால்டர் ஜான்சன். 36 வயது. அவர் காலத்தின் மாபெரும் ஸ்டார்ட்டர். அந்தத் தொடரில் அதுவரை தொடங்கிய இரண்டு ஆட்டத்திலும் தோற்றிருந்தார்.

அன்று ரிலீவராக வந்து நான்கு இன்னிங்ஸ் ஒரு ரன்கூடக் கொடுக்காமல் தாங்கினார். 12ஆவது இன்னிங்ஸில் வாஷிங்டன் 4-3 என்று ஜெயித்தது.

15/
1904இல் ஒரே ஆள், முடியும்வரை. 1924இல் நான்கு பேர், கை மாற்றி, கை மாற்றி. அதுவும் ஊரே கொண்டாடிய பெரிய ஆட்டக்காரர் நான்காவது ஆளாக வந்து நின்றார். பாதியில் வருவது சின்ன வேலை இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

நம்ம ஊரில் இது புதுசும் இல்லை. சிதம்பரத்தில் தேர் வடம் பிடிக்கும்போது கீழவீதியில் பிடித்தவரேதான் நான்கு வீதியும் பிடிக்கணும் என்று யாராவது சொல்கிறோமா? கை காய்த்தால் பக்கத்து ஆள் வாங்கிக்கொள்கிறார். தேர் நிலைக்கு வரணும், அதுதான் கணக்கு.

16/
ஆனால் ரிலீவருக்கு மரியாதை வர இன்னும் பல வருஷம் ஆச்சு. ரொம்ப காலம் புல்பென் என்றால் வயதானவர்களும் ஸ்டார்ட்டராகத் தேறாதவர்களும் உட்காரும் இடம். ஏன்? ஏனென்றால் அவர்கள் செய்யும் வேலைக்கு எண்ணே இல்லை. ஸ்டார்ட்டருக்கு வெற்றி, தோல்வி என்று கணக்கு உண்டு. காப்பாற்றிக் கொடுத்தவருக்கு என்ன கணக்கு?

சிகாகோ பத்திரிகையாளர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மேன் 1960 வாக்கில் 'சேவ்' என்ற கணக்கை உருவாக்கினார். முன்னிலையில் இருக்கும் ஆட்டத்தைக் கடைசிவரை காப்பாற்றிக் கொடுத்தால் ஒரு சேவ். 1969இல் அது அதிகாரபூர்வப் புள்ளிவிவரம் ஆனது. எண்ண ஆரம்பிச்ச பிறகுதான் அந்த வேலைக்கு மதிப்பு வந்தது, சம்பளமும் வந்தது.

17/
அதே காலத்தில் மருத்துவ உலகிலும் ஒரு திருப்பம். 1974இல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் பிட்சர் டாமி ஜான் என்பவருக்கு முழங்கை ஜவ்வு அறுந்தது. அதுவரை அது வந்தால் பிட்சர் வாழ்க்கை முடிந்தது. டாக்டர் ஃப்ராங்க் ஜோப், 1974 செப்டம்பர் 25 அன்று, மற்ற கையின் மணிக்கட்டிலிருந்து ஒரு தசைநாரை எடுத்து, முழங்கை எலும்புகளில் துளை போட்டு, அறுந்த ஜவ்வின் இடத்தில் கட்டினார்.

டாமி ஜான் 1976இல் திரும்பி வந்தார். 46 வயதுவரை ஆடினார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு மட்டும் 164 வெற்றி. அந்த அறுவை சிகிச்சைக்கே இன்று அவர் பெயர்.

18/
அந்தத் தசைநாரை நீங்க இப்பவே பார்க்கலாம். கட்டை விரல் நுனியையும் சுண்டு விரல் நுனியையும் சேர்த்து, மணிக்கட்டை லேசா உள்ளே மடக்குங்க. நடுவில் ஒரு கயிறு புடைத்து நிற்குதா? அதுதான். பாமாரிஸ் லாங்கஸ். தெரியலையா? பயப்படாதீங்க, சிலருக்கு பிறவியிலேயே இருக்காது. அது இல்லாததால் கைக்கு ஒரு குறையும் கிடையாது. அதனால்தான் அதை எடுத்து வேறு இடத்தில் வைக்க முடிகிறது.

19/
1988க்கு வருவோம். ஓக்லண்ட் அணியின் மேனேஜர் டோனி லா ரூசா. அவரிடம் டென்னிஸ் எக்கர்ஸ்லி என்ற, வயதாகிக்கொண்டிருந்த முன்னாள் ஸ்டார்ட்டர். லா ரூசா அவரை பெரும்பாலும் கடைசி ஒரு இன்னிங்ஸுக்கு மட்டும், முன்னிலையில் இருக்கும்போது மட்டும் இறக்கினார். அந்த வருஷம் 45 சேவ். 1992இல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதே எக்கர்ஸ்லிக்கு.

அவருக்கு முன்னால் எட்டாவது இன்னிங்ஸுக்கு ஒருவர், ஏழாவதுக்கு ஒருவர் என்று வேலை பிரிந்தது. ரிலீவர் என்பது இப்போது தனித் தொழில். நியூயார்க்கின் மரியானோ ரிவேரா 652 சேவ் எடுத்து ஓய்வு பெற்றார்.

20/
அடுத்து கம்ப்யூட்டர் கணக்கர்கள் வந்தார்கள். அவர்கள் கண்டது எளிய விஷயம். ஒரே பேட்டர் ஒரே பிட்சரை ஒரே நாளில் மூன்றாவது முறை சந்திக்கும்போது நன்றாக அடிக்கிறார். பிட்சர் களைத்திருப்பார், பேட்டருக்கு அவர் பந்து பழகியிருக்கும். அப்படியானால் மூன்றாவது சந்திப்புக்கு முன்பே மாற்று.

2018 மே 19 அன்று டம்பா பே அணி இன்னும் ஒரு படி போனது. செர்ஜியோ ரோமோ என்ற ரிலீவரை முதல் இன்னிங்ஸுக்கு இறக்கி, பிறகுதான் வழக்கமான பிட்சரைக் கொண்டுவந்தது. மறுநாளும் ரோமோவே தொடங்கினார். 1924இல் ஹாரிஸ் செய்த தந்திரத்தின் பேரப்பிள்ளை.

21/
இதே டம்பா பே அணி 2020 வேர்ல்ட் சீரிஸ் ஆறாவது ஆட்டத்தில் கணக்கை நம்பி அடி வாங்கியது. பிளேக் ஸ்னெல் 73 பந்துதான் எறிந்திருந்தார், 9 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்திருந்தார். மூன்றாவது சந்திப்பு வருகிறது என்று ஆறாவது இன்னிங்ஸில் எடுத்துவிட்டார்கள். வந்த ரிலீவர் உடனே முன்னிலையைக் கோட்டைவிட்டார். கோப்பை டாட்ஜர்ஸுக்குப் போனது.

ஆக, மாற்றினால் எப்போதும் ஜெயிக்கலாம் என்று சொல்ல வரலை. மாற்றாவிட்டாலும் தோற்கலாம், மாற்றினாலும் தோற்கலாம்.

22/
இப்போ இந்த இழையின் முக்கியமான இடம். இத்தனை பேர் சுமையைப் பங்கு போட்டுக்கொண்டால் காயங்கள் குறைஞ்சிருக்கணும் இல்லையா?

கூடியிருக்கு.

காயத்தால் ஆட முடியாதவர்கள் பட்டியலில் பிட்சர்கள் சேர்க்கப்பட்டது 2005இல் 212 தடவை. 2024இல் 485 தடவை. இது மேஜர் லீக் பேஸ்பால் தானே 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை.

23/
ஏன்? அதே அறிக்கையில் பதில் இருக்கு. நேர்வேகப் பந்தின் சராசரி வேகம் 2008இல் மணிக்கு 91.3 மைல். 2024இல் 94.2 மைல்.

ஒன்பது இன்னிங்ஸ் வீசணும் என்றால் பிட்சர் சேமித்துச் சேமித்து எறிவார். முக்கியமான நேரத்தில் மட்டும் முழு பலம். "உனக்கு ஒரு இன்னிங்ஸ்தான், பின்னால ஆள் இருக்கு" என்று சொன்னால்? ஒவ்வொரு பந்தையும் உயிரைக் கொடுத்து எறிவார். ஸ்டார்ட்டரும் அப்படியே பழகிவிட்டார். பந்து எண்ணிக்கை குறைஞ்சுது, ஒவ்வொரு பந்தின் விலை ஏறிப்போச்சு.

24/
மாற்று ஆள் வைத்தது ஆட்டத்தை ஜெயிக்க. முழங்கையைக் காப்பாற்ற அல்ல. நோக்கம் எதுவோ அதுதான் காப்பாற்றப்படும்.

உடம்பையும் காப்பாற்றணும் என்றால் தனியாக எண்ணணும், தனியாக ஓய்வு கொடுக்கணும். பும்ரா விஷயத்தில் நடந்தது அதுதான். 2023 மார்ச்சில் முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் அவர். "மூன்று டெஸ்ட்தான்" என்று முன்கூட்டியே முடிவு செய்தது அதனால். தொடர் நடுவில் அவரைக் கேட்டால் "ஆடறேன்" என்றுதான் சொல்லியிருப்பார். ராட்போர்னும் அதைத்தான் சொன்னார்.

25/
இந்தக் கதையில் இந்தியர்களும் உண்டு. 2008இல் 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்ற போட்டியில் ஆயிரக்கணக்கான பேரிலிருந்து தேறியவர்கள் உத்தரப் பிரதேசத்து ரிங்கு சிங், தினேஷ் படேல். (கொல்கத்தா அணியின் ரிங்கு சிங் வேற ஆள்.) இருவரும் ஈட்டி எறிந்து பழகியவர்கள். பேஸ்பால் பார்த்ததே கிடையாது. அதே வருஷம் பிட்ஸ்பர்க் அணி ஒப்பந்தம் செய்தது. 2014இல் படமாகவும் வந்தது, இசை ஏ.ஆர்.ரஹ்மான்.

26/
படம் முடிந்த பிறகு நடந்தது பலருக்குத் தெரியாது. இருவருக்கும் கிடைத்தது ரிலீவர் வேலைதான், அதுவும் கீழ்நிலை லீகில். தினேஷ் 2010இல் விடுவிக்கப்பட்டார். ரிங்கு சில வருஷம் நன்றாக வீசினார். 2013இல் அவருக்கும் முழங்கை ஜவ்வு போனது. அதே டாமி ஜான் அறுவை சிகிச்சை. அதன்பின் பழையபடி மேலே ஏற முடியலை. கடைசியில் மல்யுத்த நிகழ்ச்சிக்குப் போய் வீர் மஹான் ஆனார்.

27/
நம்ம கதைக்கு வருவோம். இந்திய விளையாட்டு பார்த்த மிகப் பெரிய 'புல்பென்' வெற்றி எதுன்னு கேட்டால் நான் 2021 ஜனவரி பிரிஸ்பேன் டெஸ்டைச் சொல்வேன்.

ஷமி கை எலும்பு முறிவு. உமேஷ் கெண்டைக்கால். ஜடேஜா கட்டை விரல். அஸ்வின் முதுகு. பும்ரா வயிற்றுத் தசை. ஒரு முழு பவுலிங் அணியே ஆஸ்பத்திரியில். மிச்சம் இருந்தவர்களில் இரண்டு பேர், வலைப்பயிற்சியில் பந்து போடத் தங்கவைக்கப்பட்ட நம்ம பசங்க. சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன், சென்னை வாஷிங்டன் சுந்தர்.

28/
இருவருக்கும் அதுதான் முதல் டெஸ்ட். முதல் இன்னிங்ஸில் நடராஜன் 3, சுந்தர் 3, ஷர்துல் தாக்கூர் 3, சிராஜ் 1. பத்தும் ஆச்சு. பிறகு சுந்தரும் ஷர்துலும் பேட்டிங்கில் சேர்ந்து 123 ரன். ஜனவரி 19 அன்று 328 ரன்னைத் துரத்தி இந்தியா ஜெயித்தது.

தொடங்கியவர்கள் யாரும் முடிக்கவில்லை. முடித்தவர்கள் யாரும் தொடங்கவில்லை. அதனால் அந்த வெற்றி ஒரு இம்மி குறைஞ்சுதா?

29/
அதே நடராஜனுக்கு 2021 ஏப்ரலில் முழங்காலில் அறுவை சிகிச்சை. டென்னிஸ் பந்து டோர்னமென்டில் யார்க்கர் போட்டு வளர்ந்து, மூன்று வகை கிரிக்கெட்டிலும் ஒரே டூரில் அறிமுகமான கை. வேகப்பந்து வீசுகிறவர் உடம்பு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குதுன்னு அவரைப் பார்த்தே தெரிஞ்சுக்கலாம்.

30/
இது விளையாட்டோடு நிற்கும் விஷயமும் இல்லை. எங்க துறையும் இதே பாதையில்தான் நடந்தது. 36 மணி நேரம் தூங்காமல் டூட்டி பார்ப்பது பெருமை என்று இருந்தது. 1984இல் நியூயார்க்கில் லிபி ஜியான் என்ற 18 வயதுப் பெண் ஒரே இரவில் இறந்த பிறகுதான், களைத்த டாக்டரின் கை பற்றிக் கேள்வி எழுந்தது. அமெரிக்கா முழுக்க 2003இல் வாரத்துக்கு 80 மணி நேர வரம்பு வந்தது.

அங்கும் நேரத்தைக் குறைத்தால் மட்டும் போதலை. ஷிப்ட் மாறும்போது நோயாளி பற்றிய தகவல் விட்டுப்போனது. 2014இல் வெளியான ஆய்வு ஒன்றுக்காக ஒன்பது ஆஸ்பத்திரிகளில், பொறுப்பை ஒப்படைக்கும்போது என்னென்ன சொல்லணும் என்று முறையாகப் பழக்கினார்கள். மருத்துவத் தவறுகள் 23 சதவீதம் குறைந்தன. ஒப்படைப்பதும் ஒரு திறமைதான்.

31/
இப்போ நம்ம பசங்க.

பொங்கல் வந்தால், மே மாதம் வந்தால் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்து பரங்கிப்பேட்டை, புவனகிரி, சிதம்பரம் வரை எங்கே பார்த்தாலும் டென்னிஸ் பந்து டோர்னமென்ட். ஆறு ஓவர், எட்டு ஓவர் ஆட்டம். ஒருத்தருக்கு இரண்டு ஓவர்தானே, என்ன ஆகப்போகுது என்று தோணும்.

கணக்குப் போடுங்க. காலையில் லீக், மதியம் காலிறுதி, சாயங்காலம் அரையிறுதி, லைட் போட்டு ஃபைனல். நல்லா போடறவன் ஒருத்தன்தான் இருப்பான், எல்லா ஆட்டத்திலும் அவன்தான். மறுநாள் பக்கத்து ஊரில் வேற டீமுக்கு. எல்லாமே முழு பலத்தில். எவரும் எண்ணுவதில்லை.

32/
பேஸ்பாலில் எண்ணினார்கள். 2006இல் வெளியான ஒரு ஆய்வு. தோள், முழங்கை அறுவை சிகிச்சை செய்துகொண்ட வளரிளம் பிட்சர்களையும், காயமே படாதவர்களையும் ஒப்பிட்டார்கள். கை களைத்த பிறகும் வழக்கமாக எறிந்தவர்களுக்கு ஆபத்து 36 மடங்கு.

இதிலிருந்துதான் அங்கே விதிகள். 11, 12 வயதுப் பிள்ளை ஒரு நாளில் அதிகபட்சம் 85 பந்து. 66ஐத் தொட்டாலே நான்கு நாள் கட்டாய ஓய்வு. கோச் கெஞ்சினாலும், அப்பா கத்தினாலும் கிடையாது.

33/
நம்ம வேகப்பந்து வீச்சில் முழங்கை அதிகம் போகாது. போவது கீழ் முதுகு. வலது கையால் போடறவனுக்குப் பெரும்பாலும் இடது பக்கம். ஒவ்வொரு பந்துக்கும் முதுகு பின்னால் வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, முறுக்கி இறங்குகிறது. இருபது வயதைத் தாண்டும் வரை அந்த எலும்பு முழுசா இறுகாது. அதில் மயிரிழை போல விரிசல் விழும். பேர் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர்.

34/
அதனால் நான் கேட்பது இவ்வளவுதான்:

• வளர்ற பையன் ஒரு நாளில், ஒரு வாரத்தில் எத்தனை பந்து போட்டான் என்று ஒரு நோட்டில் எழுதுங்க. பயிற்சியில் போட்டதும் சேர்த்து.
• தொடர்ந்து இரண்டு நாள் முழு வேகத்தில் போட வேண்டாம்.
• வருஷத்தில் சில மாதம் பந்தே தொடாமல் வேற விளையாட்டு ஆடட்டும்.
• டீமில் இரண்டாவது, மூன்றாவது பவுலரை வளருங்க. அதுதான் உங்க புல்பென்.

35/
• பந்து போடும்போது ஒரு பக்கம் மட்டும் முதுகு வலித்து, இரண்டு வாரத்தில் சரியாகலைன்னா பவுலிங்கை நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க. ஆரம்ப விரிசல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், எம்ஆர்ஐ தேவைப்படலாம்.
• ஃபைனலுக்காக வலி ஊசி போட்டுக்கொண்டு இறங்காதீங்க. ஊசி வலியைத்தான் நிறுத்தும், விரிசலை இல்லை. சீக்கிரம் கண்டுபிடித்து சில மாதம் ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் தானாகவே கூடிவிடும்.

36/
இன்னொன்று. "முடியுதாடா?" என்று பையனைக் கேட்காதீங்க. எந்த ஊர்ப் பையனும் "முடியலை"ன்னு சொல்ல மாட்டான். செஸ்ப்ரோ சொல்லலை, ராட்போர்ன் சொல்லலை, உங்க பையனும் சொல்ல மாட்டான். களைத்தவனிடம் முடிவை விடக்கூடாது. ஆட்டம் தொடங்கும் முன்பே, வெளியே நிற்கிற ஒருத்தர், எண்ணி வைத்து முடிவு செய்யணும். கேப்டனோ, கோச்சோ, அப்பா அம்மாவோ.

37/
அடுத்த டோர்னமென்டில் நல்லா போட்டுக்கிட்டிருக்கிற பையன் கையிலிருந்து பந்தை வாங்கி இன்னொருத்தன் கையில் கொடுக்கும்போது, கூட்டம் கத்தும். கத்தட்டும். வாங்கினவனுக்கும் கைதட்டுங்க, கொடுத்தவனுக்கும் கைதட்டுங்க.

இதை உங்க ஊர் டீம் குரூப்பில் பகிருங்க.